சாரல் இல்லாவிட்டால் ஆமாம்

கருத்துக் கணிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, அந்த வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவன் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு முழங்கால் வலியும் அறிவுரை சொல்லும் ஆசையும் ஒரே வாரத்தில் வந்துவிடுகின்றன. முழங்காலுக்கு எண்ணெய் கிடைக்கிறது. அடுத்ததற்கு நீங்கள்தான் அகப்பட்டீர்கள்.

பயப்பட வேண்டாம், நான் ஜெயித்த கதை எதையும் சொல்லப்போவதில்லை. அப்படி ஒன்று கைவசம் இருந்தால் அல்லவா சொல்வதற்கு? எந்தத் தெருவில் எத்தனை வீடு கேட்பது, கேள்வித்தாளை எப்படி அமைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எண்கள் வந்து சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எண்கள் கையில் இருக்கின்றன, அவை என்ன சொல்கின்றன என்று நாம் சொல்ல வேண்டும், நாளை மறுநாள் கூட்டம். அந்த இடத்தில் ஒரு மனிதன் எப்படி வழுக்கி விழுவான் என்பதை நான் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விழுந்தவன் நான்தான்.

சில வருடங்களுக்கு முன்பு தென்காசியில் எங்கள் நிறுவனத்தின் கிளைக்கு நான் பொறுப்பாளன். கிளை என்றால் மாடியில் ஓர் அறை, ஒரு மின்விசிறி, நான். தலைமை அலுவலகம் சென்னையில். அப்போது சுகாதாரச் சீர்திருத்தம் என்று ஒரு திட்டம் வந்தது. சுற்றுவட்டாரத்துச் சிறிய சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எல்லாப் பிரசவங்களையும் தென்காசியில் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பது என்று யோசனை. யோசனை நியாயமானதுதான். சின்ன இடத்தில் ரத்தம் சேமித்து வைக்க வசதி கிடையாது, மயக்க மருந்து கொடுக்க டாக்டர் கிடையாது. சிக்கல் என்றால் கடைசி நேரத்தில் பெரிய இடத்துக்குத்தான் ஓட வேண்டும்.

குற்றாலத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் அப்படி ஒரு சின்ன நிலையம் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்களுக்கு என்மேல் இப்போதுதான் கோபம் ஆறியிருக்கிறது. அங்கே இரண்டு கட்டில் போட்ட ஒரு பிரசவ அறை. அதை மூடலாமா, வைத்திருக்கலாமா என்று முடிவெடுக்கும் முன் மக்களின் கருத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று எங்களிடம் வேலை வந்தது. அந்த அறையின் தலையெழுத்து என் ரிப்போர்ட்டில் இருந்தது. எனக்கு அப்போது அது தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் செய்தேன்.

கேள்வி இதுதான்: “எல்லா வசதிகளும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் பிரசவ சேவையை மாற்றுவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?” ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று பதில்கள். கையில் டேப்லெட். ஒன்றை அமுக்கினால் அடுத்த கேள்வி தானே வந்துவிடும்.

வீடு வீடாகப் போக ஒரு பெண்கள் குழு. அவர்களுக்கு நான் கொடுத்த பயிற்சி மொத்தமும் ஒரே கட்டளை: “ஆமாவா, இல்லையா? அதை மட்டும் போடுங்கள். கதை எழுதாதீர்கள்.”

இந்தக் கட்டளைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. காகிதத்தில் கணிப்பு எடுத்த காலத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு பையனை விட்டிருந்தேன். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்கச் சொன்னால், அவன் ஓரத்தில் குடும்ப வரலாறே எழுதிவிட்டு வந்தான். சூரியகாந்தி வயலுக்குள் படம் பிடிக்க வந்தவர்கள் மிதித்துப் போட்டது, அதற்காகப் பெரியப்பா சண்டைக்குப் போனது, கையை முறித்துக்கொண்டது, அந்தக் கைக்குத்தான் அட்டை பயன்பட்டது. அவற்றைப் படித்து வகைப்படுத்தவே எனக்கு வாரக்கணக்கில் ஆனது. சென்னையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து “கதை வேண்டாம்” என்பது என் வேதம் ஆகிவிட்டது. நம் பெரிய தவறுகளில் பாதி இப்படித்தான் வருகின்றன. ஒரு முறை பட்ட சூட்டுக்கு ஒரு சட்டம் போட்டுவிடுகிறோம். அது எங்கே பொருந்தாது என்று பிறகு யோசிப்பதே இல்லை.

கணிப்பு எடுத்தது மாசி மாதம். குற்றாலப் பேரருவியில் பாறை நனைந்திருந்தது, அவ்வளவுதான். கடைகளில் பாதி பூட்டிக் கிடந்தன. மக்கள் வீட்டில் இருந்தார்கள், நிதானமாகப் பேசினார்கள், வேலை மளமளவென்று முடிந்தது. இப்படி ஒரு தோதான மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

பதில்கள் வந்து சேர்ந்தன. கணினியில் ஒரு வட்டம் வரைந்தேன். பெரும்பகுதி பச்சை, அதாவது ‘ஆம்’. கொசுறாகக் கொஞ்சம் சிவப்பு. அவ்வளவு பச்சையை நான் குற்றால மலையில்கூட ஒரே இடத்தில் பார்த்ததில்லை. “இம்மாற்றத்தை மக்கள் பெருவாரியாக வரவேற்கின்றனர்” என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. “ஐந்து கிலோமீட்டர் தூரத்தை மக்கள் ஒரு தடையாகக் கருதவில்லை” என்று ஒரு வரி சேர்த்தேன். தூரத்தைப் பற்றி நாங்கள் கேள்வியே கேட்கவில்லை. அதிகம் பேர் ‘இல்லை’ என்று சொல்லவில்லையே, அப்படியானால் தூரம் பிரச்சினை இல்லை என்று நானாக முடிவு கட்டிவிட்டேன்.

சித்திரையில், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, சென்னையிலிருந்து என் மேலதிகாரி கூப்பிட்டார். சில வீடுகளுக்குப் பொறுப்பாளர் நேரில் போய், கணிப்பு உண்மையில் நடந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை நான் செய்யவில்லை. வெயில் பாருங்கள்.

“நாளைக்குள்ள அந்தப் படிவம் வரலைன்னா ரிப்போர்ட்டே செல்லாது” என்றார்.

போக வேண்டுமென்றால் வீடு தெரிய வேண்டும். டேப்லெட்டில் ‘வீட்டு அடையாளம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பால் பூத்துக்குப் பக்கம், மாடி வீடு என்று எதையாவது எழுதி வைக்க. பதில் சொன்னவர் யாரென்று வெளியே தெரியக் கூடாது என்பதால், கணக்குப் போட உட்காரும்போது நாங்கள் முதலில் அழிப்பது அந்தக் கட்டத்தைத்தான். அதை யாரும் படிப்பதில்லை. நானும் படித்திருக்கவில்லை. மூலப் பிரதியை எடுத்து அன்றைக்குத்தான் முதன்முறையாகத் திறந்தேன்.

“பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி பச்சை கேட். ஆமான்னுதான் சொல்லுதா. ஆனா சாரல் நேரம் ஆகாதுங்கா. ஆடியில இவளுக்கே பேறுகாலம்.”

அடுத்தது: “முருங்கை மரம் நிக்கிற வீடு. பெரியாஸ்பத்திரி நல்லதுதான், சாரல் இல்லாட்டா போயிரலாம்ங்கார்.”

அதற்கடுத்தது: “தண்ணித் தொட்டி எதுப்புல. ஆமா. சாரல்ல என்ன செய்யன்னு திருப்பி என்கிட்ட கேக்காவ. நான் என்ன சொல்ல?”

எங்கள் பக்கத்தில் சாரல் என்றால் வெறும் தூறல் அல்ல. ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி அந்தத் தூறல் வரும். அது வந்தால் அருவியில் தண்ணீர் விழும், தண்ணீர் விழுந்தால் நாடே திரண்டு குளிக்க வரும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்கே சாரல் என்றுதான் பெயர். அப்போது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருப்பது ரோடு இல்லை, நிறுத்தி வைத்த வண்டிகள்.

இந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. பேச்சியம்மாள். பத்து வருடம் பீடி சுற்றிவிட்டு எங்கள் குழுவுக்கு வந்தவள். என் கட்டளையை மீறியிருக்கிறாளே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போன் போட்டேன்.

“பேச்சியம்மா, வீட்டு அடையாளத்துல என்ன எழுதி வச்சிருக்க?”

“அடையாளந்தான் அண்ணாச்சி.”

“பச்சை கேட் அடையாளம், சரி. ‘சாரல் நேரம் ஆகாதுங்கா’ன்னு இருக்கே, இது என்னது?”

“அது அவ சொன்னது.”

“அத எதுக்கு அங்கன எழுதின?”

“வேற எங்கன எழுதச் சொல்லுதிய? உங்க டப்பாவுல இருக்கது மூணே மூணு பொத்தான். ஆமாங்கத அமுக்குனா அடுத்த கேள்விக்கு ஓடிருது. அவிய பாதி பேசிக்கிட்டு இருக்கும்போதே அது ஓடுது, அண்ணாச்சி. நீளமா எழுததுக்கு இருந்த எடம் அது ஒண்ணுதான்.”

“அத நாங்க படிக்கவே மாட்டோம் பேச்சியம்மா. மொதல்லயே அழிச்சிருவோம்.”

அவள் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப மாசி மாசம் பூரா நான் யாருக்கு எழுதிக்கிட்டு இருந்தேன்?”

இந்தத் தொழிலில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ திட்டியிருக்கிறார்கள். அவள் திட்டக்கூட இல்லை.

இருந்தாலும் பொறுப்பாளன் அல்லவா, சந்தேகப்பட வேண்டியது என் கடமை. மற்ற பெண்கள் யாரும் இப்படி எதுவும் எழுதவில்லை. இவளுக்கு அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. அந்த அறை மூடப்படக் கூடாது என்று இவளாகவே சேர்த்து எழுதியிருக்கலாம். அதைக் கொஞ்சம் மென்மையாகக் கேட்டேன். மென்மை போதவில்லை.

“நானாச் சேத்தேன்னா சொல்லுதிய? நாளைக்கு வாங்க. நான் போன வீடு மட்டும் வேண்டாம், மத்தவளுவ போன வீட்டுக்கும் போவோம். நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களே கேளுங்க. கேட்டுட்டு ஒரு நிமிசம் சும்மா நில்லுங்க. அதுதான் உங்களுக்கு வராது.”

மறுநாள் காலை போனோம். முதல் வீடு வேறொரு பெண் கணிப்பு எடுத்தது. சாரல் காலத்தில் பழக்கடை போடுகிற மனிதர். நான் இலக்கணச் சுத்தமாகக் கேள்வியைப் படித்தேன்.

“ஆமா, தாராளமா” என்றார்.

என் விரல் பழக்க தோஷத்தில் பொத்தானுக்குப் போய்விட்டது. பின்னால் பேச்சியம்மாள் தொண்டையைச் செருமினாள். விரலை எடுத்துக்கொண்டு சும்மா நின்றேன். எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா அது? நீங்களும் ஒரு தரம் நின்று பாருங்கள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்னவே, போவலியா?”

“இல்ல, வேற ஏதாவது சொல்லுவியளோன்னு…”

“சொல்லுததுக்கு என்ன? பெரியாஸ்பத்திரி நல்லதுதான். இப்ப ரோடு காலியாக் கெடக்கு, கேட்டா ஆமாங்கேன். ஆடி மாசம் ஞாயித்துக்கெழம வந்து இதே கேள்வியக் கேட்டேருன்னா, அன்னைக்கு இருக்க எரிச்சலுக்கு உம்ம அந்தத் தட்டப் பிடுங்கி ஓடையில வீசிருவேன்.”

அடுத்தடுத்த வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே பாட்டுத்தான். எங்கள் ஊர்க்காரர்கள் மறுப்பதாக இருந்தாலும் ஆமாவில்தான் ஆரம்பிப்பார்கள். நல்ல எண்ணத்தோடு வீடு தேடி வந்து கேட்பவனிடம் எடுத்த எடுப்பில் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. முதலில் ஓர் ஆமா. அப்புறம் உட்காரச் சொல்வார்கள். விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். இதைச் சொல்லித்தர எனக்கு ஆள் வேண்டுமா? நான் தென்காசியில் பிறந்து வளர்ந்தவன். என் மனைவி இத்தனை வருடமாக என் ஒவ்வொரு யோசனைக்கும் ஆமா என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஒன்றுகூட நடந்ததில்லை.

கடைசியாகப் பச்சை கேட். செண்பகம் ஏழு மாத வயிற்றோடு வந்து கதவைத் திறந்தாள். மூத்த பெண் குழந்தை சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது. கணவன் மாடசாமி ஆட்டோ ஓட்டுகிறவர், வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏற்கெனவே ஆமான்னு சொல்லியாச்சே” என்றாள் செண்பகம். “குடுத்த ஆமாவ நான் திருப்பிக் கேக்கலியே. நீங்க எதுக்கு வந்திருக்கிய?”

“சாரல் நேரம் ஆகாதுன்னு சொன்னியளாமே?”

“அக்காட்ட அன்னைக்கே சொன்னேனே. சாரல்ல ஞாயித்துக்கெழம இவரு மத்தியானம் சவாரி ஏத்திட்டுத் தென்காசிக்குப் போனாருன்னா, திரும்பி வர வெளக்கு வச்சிரும். அதுக்குள்ள நான் வலியோட போவணுமாக்கும்?”

“ஆம்புலன்ஸ் இருக்கே?”

“ஆம்புலன்ஸுக்கு றெக்கையா இருக்கு?” என்றார் மாடசாமி, துடைப்பதை நிறுத்தாமல். “அதுவும் என் ஆட்டோவுக்குப் பின்னாடிதான் நிக்கும். சத்தம் வேணா நல்லாப் போடும்.”

“பெறவு ஏன் ஆமான்னு சொன்னிய?”

செண்பகம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “பெரியாஸ்பத்திரி வேணுமான்னு கேட்டிய. வேணும். இந்தா இருக்க ரூம மூடட்டுமான்னு கேட்டியளா?”

கேட்கவில்லை. கேள்வியில் ‘மாற்றுவது’ என்று இருந்தது. ஒரு இடத்துக்கு மாற்றினால் இன்னொரு இடத்தில் இருக்காது என்பது அந்தச் சொல்லுக்குள் எங்கோ பதுங்கியிருந்தது. எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்லவில்லை. வேண்டியதைக் கேட்டோம், அதற்காக விட வேண்டியதைக் கேட்கவில்லை. சுகாதாரம், பள்ளிக்கூடம், ரேஷன் என்று எதைப் பற்றிய கணிப்பு உங்கள் கைக்கு வந்தாலும், பச்சை அதிகமாக இருந்தால் முதலில் இதைத் தேடுங்கள்: எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு சொன்ன ஆமாவா, தெரியாமல் சொன்ன ஆமாவா?

அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது எனக்கு இன்னொன்றும் உறைத்தது. சாரல் காலத்தில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் விடிவதற்குள் எழுப்பி, பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைத்து, கூட்டம் சேரும் முன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற சாமர்த்தியசாலி நான். அப்படிப்பட்ட சாமர்த்தியசாலிதான் “தூரம் தடையில்லை” என்று எழுதினான். மாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்ததும் நான் தென்காசிக்காரனாக இல்லாமல் போய்விட்டேன்.

மாலையில் சென்னைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மேலதிகாரி கெட்டிக்காரர், நல்லவரும்கூட.

“எண்ணெல்லாம் சரியா?”

“சரிதான் சார்.”

“அப்ப என்ன பிரச்சினை? சரி, சாரல்னு சொன்னவங்க எத்தனை பேர்? நம்பர் கொடுங்க, சேர்த்துடறேன்.”

“நம்பர் இல்ல சார். எழுதாதீங்கன்னு நான்தான் சொல்லிட்டேன்.”

“ஒரு அம்மா கிறுக்கி வச்சது, நீங்க ஒரு நாள் காலாற நடந்தது. இதை வச்சுக் கூட்டத்துல பேசினா அதுக்குப் பேரு கருத்துக் கணிப்பு இல்ல, கதாகாலட்சேபம். நம்மளை அப்புறம் எவன் கூப்பிடுவான்?”

அவர் சொன்னது தவறில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வீட்டில் கேட்டதை வைத்து ‘மக்கள் எதிர்க்கிறார்கள்’ என்று நான் போய்ச் சொன்னால், அதுவும் முதல் ரிப்போர்ட் மாதிரி ஒரு பொய்தான், நிறம் மட்டும் வேறு. சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. எண் சரி, படிவம் சரி, என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செண்பகத்துக்கு ஆடியில் தேதி. ரிப்போர்ட் ஏற்கப்பட்டால் ஆனிக்குள் அறையை மூடிவிடுவார்கள். வலி ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுடைய பிரசவம் நிற்கிற வண்டிகளுக்கு நடுவில், மாடசாமியின் ஆட்டோவில் நடக்கும். வீரம் எல்லாம் எனக்குக் கிடையாது. அதற்குப் பிறகு பேச்சியம்மாள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

கூட்டம். முடிவெடுக்கும் அதிகாரி ஒரு பெண்மணி, மேற்கு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. சாரலை அவர் பார்த்ததில்லை. நான் என் பச்சை வட்டத்தைத் திரையில் போட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்ற முகங்கள்.

“மேடம், இந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு” என்றேன்.

“நம்பர் தப்பா?”

“நம்பர் சரி. படிச்ச ஆள் தப்பு.”

“யார் படிச்சது?”

“நான்தான்.”

யாரோ சிரித்தார்கள். மூன்று விஷயங்களையும் சொன்னேன்: அறை மூடப்படும் என்று சொல்லிக் கேட்கவில்லை. சாரல் இல்லாத மாதத்தில் கேட்டோம். ஆமாவுக்குப் பின்னால் வந்த பேச்சை எழுத வேண்டாம் என்று நானே தடுத்தேன். பிறகு தூரத்தைப் பற்றிய என் சொந்தச் சரக்கு வரியைப் படித்து, அதை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

“அப்ப மக்கள் வேண்டாம்ங்கறாங்களா?” என்று அவர் கேட்டார். நேரான கேள்வி. ‘ஆமா’ என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் கைதட்டுகூட விழுந்திருக்கும்.

“அது எனக்குத் தெரியாது மேடம். பெரிய ஆஸ்பத்திரிய அவங்க விரும்புறாங்க, அது நிச்சயம். சின்னத மூடறத விரும்புறாங்களான்னு நாங்க கேக்கல. கேக்காததுக்கு என்கிட்ட பதில் இல்ல. சாரல்ங்கற வார்த்தை போன வீட்டுல எல்லாம் தானா வந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

பெரிய ஆஸ்பத்திரித் திட்டம் நடக்கட்டும், இந்த ஓர் அறையை மட்டும் சாரல் முடிகிற வரை மூட வேண்டாம், ஆவணியில் மறுபடி பார்க்கலாம் என்றார் அவர். எனக்கு அது போதும். சென்னைக்குப் போதவில்லை. அதன் பிறகு என் மேலதிகாரி என்னைக் கூப்பிடும்போதெல்லாம் ‘பாகவதர்’ என்றுதான் கூப்பிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்கள் முன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருப்பேன். விதி விடவில்லை.

அந்த வருடம் சாரல் அமோகம். ஆவணி பிறந்து கூட்டம் வடிந்த பிறகு, ஒரு காலையில் அந்த அதிகாரி போன் செய்தார்.

“சார், அந்தப் பிரசவ அறைக்குச் சாரல் முழுக்க வந்தவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். நீங்க அவ்வளவு தூரம் சொன்னீங்க. வேணும்னா வந்திருப்பாங்களே? தேவையில்லைன்னு மக்களே பதில் சொல்லிட்டாங்கன்னு எடுத்துக்கலாமா? இன்னிக்கு சாயங்காலம் கோப்பு மேல போகுது.”

எண் அவர் பக்கம் இருந்தது. ஒரு தடவை அவமானப்பட்டாயிற்று, இன்னொரு தடவை எதற்கு, ஆமா மேடம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று வாய் திறந்தேன். வந்தது, “மதியம் வரைக்கும் டைம் கொடுங்க மேடம்” என்பதுதான். எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு பச்சை கேட்டுக்கு ஓடினேன்.

செண்பகம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஆண் குழந்தை. நன்றாக இருந்தது.

“எங்கன பொறந்துச்சு?” என்று கேட்டேன்.

“தென்காசி பெரியாஸ்பத்திரில.”

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவளுக்காகத்தானே அத்தனை பேர் முன்னால் மானத்தை விட்டேன்!

“ஏம்மா, இந்த ரூம மூடாதிங்கன்னு நான் அங்கன போய்த் தொண்ட கிழியக் கத்தினேன். நீ அங்கன போய்ப் பெத்துட்டு வந்திருக்கியே!”

“செவ்வாக்கெழம விடிய வலி எடுத்துச்சு. ரோடு காலி. அங்கன போயிட்டோம். ரோடு அடைச்சிருந்தா இங்கன வந்திருப்போம்.” அவளுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

“அப்ப இந்த ரூமு உனக்குப் பிரயோசனப்படலியே?”

“யாரு சொன்னா? இது இல்லாட்டா ரெண்டு வாரம் முன்னாடியே தென்காசில போய்க் கெடக்கணும். மூத்தவள யாரு பாப்பா? இது இருக்குன்னுதான கடைசி நாள் வரைக்கும் என் வீட்டுல நிம்மதியாத் தூங்குனேன்.”

“அதிகாரியம்மா கேக்காவ. வந்த ஆளுக கொஞ்சம்தானாம்.”

செண்பகம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே யோசித்தாள். “பேரருவியில பொம்பளையாளுவ குளிக்கிற பக்கம் இரும்புக் கம்பி போட்டிருக்காவளே, பாத்திருக்கியளா?”

“பொம்பளையாளுவ பக்கம் நான் எப்படிம்மா பாக்க?”

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஆம்பளையாளுவ பக்கமும் இருக்கு அண்ணாச்சி. அவ சொல்லுதத முழுசாக் கேளுங்க.”

“பாதிப் பேரு அந்தக் கம்பியத் தொடக்கூட மாட்டாவ” என்றாள் செண்பகம். “ஆனா அது இருக்குங்க தைரியத்துலதான் அவ்வளவு தண்ணிக்குள்ள போறது. யாரும் தொடலியேன்னு அறுத்து எடுத்துட்டா, நீங்க உள்ள போவியளா?”

வாசலுக்கு வந்து அதிகாரிக்குப் போன் செய்தேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல், ரோடு காலி என்பதிலிருந்து கம்பி வரை செண்பகம் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். என் கருத்து என்று எதையும் சேர்க்கவில்லை. சொல்லி முடித்துவிட்டுச் சும்மா நின்றேன்.



“போன மாசம் எங்கம்மா வந்திருந்தாங்க” என்றார் அவர். குரல் அதிகாரியின் குரலாக இல்லை. “குளிக்கக் கூட்டிட்டுப் போனேன். நான் அந்தக் கம்பியைத் தொடவே இல்ல. அம்மா பிடிச்ச பிடியை விடல.” பிறகு மறுபடி அதிகாரியானார். “கோப்பை நிறுத்தி வைக்கறேன். அறை இருக்கட்டும் சார்.”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் மேடம், என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

“அவியளுக்குப் புரிஞ்சிட்டு, அண்ணாச்சி” என்றாள். “வாங்க, போவோம்.”